ரூலா, கதையா? மேசையில் சண்டை வரும்போது எங்கே பார்ப்பது

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்தில், சில செஷன் (ஒரு தடவை கூடி ஆடுவது) தாண்டியதும் கிட்டத்தட்ட எல்லா மேசையிலும் ஒரு சண்டை வரும். ஒருவர் "நான் இப்படிச் செஞ்சுட்டேன்" என்பார், இன்னொருவர் "ரூல் அதை விடாது" என்பார், ஆட்டத்தை நடத்தும் டிஎம் நடுவில் மாட்டிக்கொள்வார். இதை ரூல் பெரிதா கதை பெரிதா என்ற கொள்கைச் சண்டையாக எடுத்துக்கொண்டால் விடியும் வரை தீராது. பெரும்பாலும் நடந்திருப்பது சின்ன விஷயம்தான்: யாரோ ஒருவர் தன் கையில் இல்லாத கட்டத்தைப் பேசிவிட்டார்.

ஒரு செயல் மேசையில் நடக்கும் வரிசை இது. டிஎம் நிலைமையைச் சொல்கிறார். பிளேயர் என்ன முயற்சி செய்கிறார், எதற்காக என்று சொல்கிறார். தேவைப்பட்டால் ரூல் வருகிறது, பகடை உருள்கிறது. அப்புறம்தான் என்ன நடந்தது என்பது சொல்லப்படுகிறது. கீழே இருக்கும் அறிகுறிகளில் உங்கள் மேசைக்குப் பொருந்துவதைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இந்த வரிசையில் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கும். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) 2014 பதிப்பிலிருந்து எடுத்திருக்கிறேன், பலருக்கும் பழகியது அதுதான் என்பதால்.

அறிகுறி: பகடை உருளும் முன்பே முடிவு வந்துவிடுகிறது

இதுதான் அதிகம் வருவது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"சரவிளக்கைப் பிடிச்சுத் தொங்கி, அப்படியே பாய்ஞ்சு கேப்டன் கழுத்தை வெட்டிட்டேன்."

"சரி, அட்டாக் உருட்டு."

"9."

"படல மச்சி. அவன் ஆர்மர் கிளாஸ் 16."

இருபது முகப் பகடையில் வரும் மொத்தம் ஆர்மர் கிளாஸ் என்ற தற்காப்பு எண்ணை எட்டினால்தான் அடி படும். பிளேயர் முகம் வாடிப்போகிறது. அவர் மனதில் கழுத்து ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது, நடந்து முடிந்ததை ஒரு எண் வந்து அழித்துவிட்டது. அடுத்த தடவை அவர் ஒன்று விவரிக்கவே மாட்டார், அல்லது முடிவை இன்னும் அழுத்திச் சொல்லி டிஎம்மை மடக்கப் பார்ப்பார். இரண்டுமே மேசைக்கு நஷ்டம்.

"வெட்டிட்டேன்" என்ற இடத்திலேயே டிஎம் நிறுத்த வேண்டும், பகடையைத் தொடவே விடக் கூடாது. அதே காட்சி இப்படிப் போகலாம்:

"நில்லு. என்ன செய்யப் பாக்குற, அதனால என்ன நடக்கணும்?"

"சரவிளக்குல தொங்கி காவலாளிங்களைத் தாண்டி கேப்டன்கிட்ட போயிடணும். போய் ஒரு வெட்டு."

"தொங்கிப் போறதுக்கு அக்ரோபாட்டிக்ஸ் திறமைக்கு உருட்டு, 15 வேணும். தவறினா காவலாளிங்க நடுவுல விழுவ, ஆனா அட்டாக் உன் கையில இருக்கு, பக்கத்துல இருக்கறவனை வெட்டிக்கலாம். சம்மதமா?"

"சம்மதம்."

இப்போது 11 விழுந்தாலும் யாரும் ஏமாறுவதில்லை. எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்துதான் அவர் குதித்தார். 2002-இல் வந்த பர்னிங் வீல் இதையே சட்டமாக வைத்திருக்கிறது: நோக்கம், செயல், தோற்றால் என்ன என்ற மூன்றும் உருட்டும் முன்பே வெளியில் வந்துவிட வேண்டும். எந்த ஆட்டம் ஆடினாலும் இந்த ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன், வேறு எதையும் மாற்றாவிட்டாலும் பரவாயில்லை.

கழுத்து விஷயம் தனியாக நிற்கிறது. அடி பட்டது, 8 டேமேஜ் (அடியின் அளவு), கேப்டனுக்கு 40 ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் எண்) என்றால் கழுத்து என்ன ஆனது? 2014 புத்தகம் ஹிட் பாயிண்டை உடல் வலு, மன வலு, உயிரைப் பிடித்து வைத்திருக்கும் பிடிவாதம், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்த ஒன்றாகத்தான் சொல்கிறது. ஆக அந்த 8 என்பது கடைசி நொடியில் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டதில் கிழிந்த காலர், தடுமாறிய கால், முகத்தில் வந்துவிட்ட பயம். வாள் கழுத்துக்குத்தான் போனது என்ற பிளேயரின் வார்த்தையும் நிற்கிறது, 32 மிச்சம் என்ற ரூலும் நிற்கிறது. ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வந்ததும் அந்தக் கழுத்தைப் பிளேயருக்கே கொடுத்துவிடுங்கள், எப்படி முடிந்தது என்று அவரே சொல்லட்டும். ரூல் தன் வேலையை முடித்துவிட்டது, இனி அவர் எவ்வளவு சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அறிகுறி: யாரும் எதையும் விவரிப்பதில்லை, எண்ணை மட்டும் சொல்கிறார்கள்

"பெர்செப்ஷன் உருட்டறேன். 17." டிஎம்: "ஒரு ரகசியக் கதவு தெரியுது." பெர்செப்ஷன் என்பது கவனிக்கும் திறமை. இப்படியே மூன்று மணி நேரம் ஓடுகிறது.

பிளேயர்களைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். போன செஷனில் யாராவது "கட்டிலுக்கு அடியில கையை விட்டுப் பாக்கறேன்" என்று சொன்னபோது அந்த வார்த்தையால் ஏதாவது மாறியதா? அப்போதும் "சரி, பெர்செப்ஷன்" என்றுதான் டிஎம் சொல்லியிருந்தால், கட்டிலையும் கையையும் சொன்னதில் பிளேயருக்கு ஒரு லாபமும் இல்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதே பகடை என்றால் மனிதர்கள் சொல்வதை நிறுத்தத்தான் செய்வார்கள்.

பொருள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, அவர் அங்கேயே கை விட்டார் என்றால் கிடைத்துவிட்டது, பகடையே வேண்டாம். எங்கே என்று சொல்லாமல் பொதுவாகத் தேடினால் மட்டும் உருட்டட்டும், நேரமும் போகட்டும். 1974-இல் வந்த முதல் டி அண்ட் டி பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. அதில் திருடன் என்ற கேரக்டர் வகையே கிடையாது. 1975 இணைப்புப் புத்தகத்தில்தான் பொறியை எடுக்கும் சதவீதங்களோடு வந்தான். அதற்கு முன் தரையில் பொறி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பத்தடிக் கம்பை வைத்து எங்கே தட்டுகிறேன் என்று வாயால்தான் சொல்ல வேண்டும். அந்தக் கம்பு பொருள் பட்டியலிலேயே விலையோடு இருந்தது. பழைய பாணியில் ஆடுகிறவர்கள் இன்றும் அந்தக் கம்பை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மேசைகளில் வார்த்தைக்கு விலை இருந்தது.

2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் வேறு பக்கமிருந்து இதே இடத்துக்கு வருகிறது. அதில் ஒரு மூவ் (பெயர் வைத்த ஒரு செயலுக்கான ரூல்) வேண்டுமென்றால் கேரக்டர் அதைச் செய்தே ஆக வேண்டும். மூவின் பெயரை மட்டும் சொன்னால், "சரி, அதை எப்படிச் செய்யற?" என்று கேட்பது அந்த ஆட்டத்தை நடத்துபவரின் கடமை. டி அண்ட் டி-யிலும் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு தடையும் இல்லை. இரண்டு செஷன் விடாமல் கேட்டுப் பாருங்கள், பதில்கள் தானாக நீளும்.

அறிகுறி: நன்றாகப் பேசுபவருக்கே எல்லாம் கிடைக்கிறது

கரிஸ்மா (பேசிக் கவரும் திறன்) 8 மட்டுமே உள்ள பார்பேரியனை (முரட்டு வீரன்) ஆடுபவர் நிஜத்தில் பட்டிமன்றப் பேச்சாளர் மாதிரி. கரிஸ்மா 18 உள்ள பார்டை (பாடகன்) ஆடும் அக்கா அதிகம் பேச மாட்டார். ரெண்டு நிமிடம் உணர்ச்சி பொங்கப் பேசியதைக் கேட்டு டிஎம் உருகிப்போய் "காவலாளி விட்டுடறான்" என்று சொல்லிவிட்டால், அந்த அக்கா தன் ஷீட்டில் 18-ஐப் போட்டதற்கே பொருள் இல்லாமல் போகிறது. பலம் 18 உள்ள கேரக்டரை ஆடுபவரை யாரும் மேசையைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லையே.

அதற்காகப் பேச்சையே தூக்கிப்போட்டுப் பகடையை மட்டும் நம்பினால் முந்தைய அறிகுறிக்குப் போய்விடுவீர்கள். பேச்சின் அழகை விட்டுவிட்டு அதில் உள்ள பிடியை மட்டும் பாருங்கள்.

"அக்கா, என்ன பேசணும்னு யோசிக்க வேண்டாம். அந்தக் காவலாளி எதுக்கு மசிவான்னு நினைக்கறீங்க?"

"பயத்துக்கு. மேலதிகாரிக்குத் தெரிஞ்சிடுமோன்னு."

"எது தெரிஞ்சிடுமோன்னு?"

"மதியம் வாசல்லயே தூங்கிட்டிருந்தானே, நாம பாத்தோமே."

இது போதும். அவர் அழகாக ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை, ஆனால் கதைக்குள் ஏற்கெனவே நடந்த ஒன்றைப் பிடித்து இழுத்துவிட்டார். அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது) கொடுங்கள், 18-க்கு உரிய +4-ஓடு உருட்டட்டும். பார்பேரியனின் பேச்சிலும் இப்படி ஒரு பிடி இருந்தால் அவருக்கும் அதே அட்வான்டேஜ், ஆனால் -1-ஓடு. பிடி இல்லை, அழகு மட்டும்தான் என்றால் மேசை ரசிக்கலாம், எண் மாறாது.

விவரிப்பின் அழகுக்கே பகடை கொடுக்கும் ஆட்டங்களும் உண்டு. 2001-இல் வந்த எக்ஸால்டட் ஸ்டன்ட் என்ற பெயரில் ஒன்றிலிருந்து மூன்று பகடை வரை கூடுதலாகத் தருகிறது. அங்கே அது பொருந்துகிறது, எல்லோரும் அதைத் தெரிந்தே உட்காருகிறார்கள், ஆட்டமே பிரம்மாண்டத்துக்காகக் கட்டப்பட்டது. அதை அப்படியே டி அண்ட் டி-க்குக் கொண்டு வந்தால் ஆறு பேர் மேசையில் ஒவ்வொரு டர்னும் நீண்டுகொண்டே போகும், அமைதியானவர்கள் இன்னும் ஓரத்துக்குப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அறிகுறி: விவரிப்பை வைத்து ஒரு ரூலை இலவசமாக வாங்கப் பார்க்கிறார்கள்

"மணலை அள்ளி அவன் கண்ணுல வீசி, அதே கையோட வெட்டறேன். அவனுக்குக் கண் தெரியக் கூடாது."

நல்ல யோசனைதான், மறுக்கக் கூடாது. ஆனால் சும்மா கொடுத்துவிட்டால் அடுத்த சண்டையிலிருந்து எல்லோர் பையிலும் மணல் இருக்கும். அதைவிட முக்கியமான விஷயம், இதே மாதிரி வேலைக்கென்று தன் கேரக்டரைச் செலவழித்துக் கட்டியவர் ஒருவர் அதே மேசையில் இருக்கலாம். பேட்டில் மாஸ்டர் என்ற போர்வீரர் வகையை எடுத்தவருக்கு எதிரியின் ஆயுதத்தைத் தட்டிவிட, காலை வாரிவிட சுப்பீரியாரிட்டி டைஸ் என்ற கூடுதல் பகடைகள் உண்டு, மூன்றாம் லெவலில் நாலே நாலு. அதை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மனிதர் முன்னால் இன்னொருவர் வாயால் சொல்லியே அதைச் செய்துவிட்டால் அவர் மனசு என்ன ஆகும்?

எவ்வளவு விலை வைப்பது என்பதற்கு அந்தப் பதிப்பிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. டிஎம் புத்தகத்தில் டிஸ்ஆர்ம் என்ற விருப்ப ரூலைப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் எதிரியின் ஆயுதத்தைத் தட்டிவிடலாம், உங்கள் அட்டாக் ரோலுக்கு எதிராக அவர் அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ் உருட்டுவார், ஜெயித்தால் ஆயுதம் விழும், ஆனால் டேமேஜ் கிடையாது. பேட்டில் மாஸ்டர் செய்தால் டேமேஜும் உண்டு, கூடுதல் பகடையும் உண்டு, ஆயுதமும் விழலாம். யாரும் செய்யலாம், ஆனால் அதற்கென்று கட்டியவர் ஒரு படி மேலே. மணலுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். வெட்டுக்குப் பதில் மணல், ஆக்‌ஷன் முழுக்கப் போய்விடும், எதிரி ஒரு சேவ் (தப்பிப்பதற்கான உருட்டு) உருட்டட்டும், தவறினால் அவனுடைய அடுத்த டர்ன் முடியும் வரை அவன் அட்டாக்குகளுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுப்பது). அதே எதிரியிடம் இரண்டாம் தடவை போனால் அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

பேரம் பேச நேரமில்லாத மேசை என்றால் 2012-இல் வந்த டன்ஜன் கிரால் கிளாசிக்ஸில் ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. வாரியர் அட்டாக்கோடு சேர்த்து டீட் டை என்ற இன்னொரு பகடையும் உருட்டுவார், எதைச் செய்யப் பார்க்கிறேன் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும், அடி பட்டு அந்தப் பகடையில் 3 அல்லது மேலே விழுந்தால் சொன்னதும் நடக்கும். வாரியரின் முழுச் சிறப்பே அதுதான் என்பதால் யார் பங்கையும் யாரும் திருடுவதில்லை.

அறிகுறி: ரூல் புத்தகத்தை வைத்துக் கதையை உடைக்கிறார்கள்

இணையத்தில் சுற்றும் கிராமத்து மக்கள் பீரங்கியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான கிராமத்தவரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் சமயம் வந்ததும் செய்யத் தயாராக வைக்கும் ரெடி ஆக்‌ஷனில் ஒரு ஈட்டியைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தால், ஒரு ரவுண்ட் (எல்லோருக்கும் ஒரு முறை வரும் சுற்று) ஆறு நொடிதான் என்பதால் ஈட்டி மைல் கணக்கில் பறக்கும், கடைசி ஆள் எறிந்தால் டிராகன் செத்துவிடும் என்கிறது வாதம்.

இதில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். ஈட்டி கைமாறும் வரை ரூலைப் பிடித்துக்கொள்கிறார், வேகம் டேமேஜாக மாறும் இடத்தில் சத்தமில்லாமல் இயற்பியலுக்குத் தாவிவிடுகிறார். கடைசி வரை ரூலிலேயே இருந்தால் எறிந்த ஈட்டிக்கு ஒரு ஆறுமுகப் பகடை டேமேஜ், அவ்வளவுதான். கடைசி வரை இயற்பியல் என்றால் ஆறு நொடியில் அத்தனை பேர் கைமாற்ற முடியாது. எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பாதியில் வண்டி மாறக் கூடாது. 2024-இல் வந்த புதிய டிஎம் புத்தகமே ரூல் என்பது இயற்பியல் கிடையாது என்று இந்த மாதிரி வரிசையைச் சுட்டிச் சொல்லிவிட்டது.

இந்த அளவுக்குப் போகாத சாதாரண ரூல் வாதங்களுக்கு: ஒரு நிமிடம் கேளுங்கள், டிஎம் ஒரு தீர்ப்பு சொல்லட்டும், ஆட்டம் ஓடட்டும், செஷன் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து பார்த்து அடுத்த தடவைக்கு என்ன என்று எழுதி வையுங்கள். எழுதி வைப்பதைத் தவற விடாதீர்கள். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் தீர்ப்பு மாறினால் ரூலைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர் மீது பிழை சொல்ல முடியாது, அவருக்கு வேறு பிடிமானம் இல்லை.

இந்த இழுபறி டி அண்ட் டி-யோடு பிறந்ததும் இல்லை. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824-இல் கொண்டு வந்த கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில் அட்டவணைகள் குவிந்து ஆட்டம் நகராமல் போகவே, 1876-இல் ஃபெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி அட்டவணையை ஒதுக்கி அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று வாதாடினார். நடுவர் மீது நம்பிக்கை இருந்த இடத்தில் அது ஓடியது, இல்லாத இடத்தில் அட்டவணையே மேல் என்று பட்டது. நம் மேசையும் அப்படித்தான்.

அறிகுறி: 20 விழுந்ததும் உலகம் வளைய வேண்டும் என்கிறார்கள்

"20! ராஜா அரியணையை எனக்குத் தரணும்." 2014 ரூலில் 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது அட்டாக் ரோலுக்குத்தான், சாகும் தறுவாயில் உருட்டும் டெத் சேவில் தனியாக ஒரு பலன் உண்டு, பேசி மடக்குவது போன்ற முயற்சிகளுக்கு உருட்டும் எபிலிட்டி செக்கில் அது 20 என்ற எண் மட்டுமே. நடக்கவே முடியாததற்கு உருட்டச் சொன்னதுதான் பிழை. உருட்டும் முன்பே "ரொம்ப நல்லா விழுந்தா ராஜா சிரிச்சுட்டு விட்டுடுவார், மோசமா விழுந்தா சிறை" என்று சொல்லிவிட்டால் அந்த 20-உம் கொண்டாட்டமாகவே இருக்கும்.

அறிகுறி: தோற்றால் கேரக்டர் கோமாளி ஆகிறார்

இது டிஎம் பக்கத்துப் பிழை. அட்டாக் தவறியது, டிஎம் "உன் வாள் கை நழுவி நண்பன் காலில் விழுந்தது" என்கிறார். ஒரு தடவை சிரிப்பார்கள். ஆனால் 1 விழுந்தால் வாள் நழுவும் என்று வீட்டு ரூலாகவே வைத்தால் கணக்கைப் பாருங்கள்: ஒரே அட்டாக் உள்ள புதிய ஃபைட்டருக்கு ஒரு டர்னில் அது நடக்க 5 சதவீத வாய்ப்பு. பதினோராம் லெவலில் மூன்று அட்டாக் கிடைத்ததும் அது 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. அனுபவம் கூடக் கூட வாளைத் தவறவிடும் வீரன்! புத்தகத்தில் 1 என்பது வெறும் தவறிய அடிதான்.

தோல்விக்கான காரணத்தைக் கேரக்டருக்கு வெளியே தேடுங்கள். கேப்டன் கேடயத்தைத் திருப்பினான், ஈரக் கல் வழுக்கியது, பூட்டு பழையது. இன்னும் நல்லது, எப்படித் தவறியது என்று பிளேயரையே கேட்பது. தன் வீரன் எந்த அளவுக்குத் தடுமாறலாம் என்று அவருக்குத்தான் தெரியும். அதே போல "உனக்குப் பயமா இருக்கு", "உனக்கு அவ மேல இரக்கம் வருது" என்று கேரக்டரின் மனதுக்குள் டிஎம் போகக் கூடாது, மந்திரமோ ரூலோ அதைத் தராதவரை. அந்த இடம் பிளேயருடையது.

அறிகுறி: "இந்த ஊர்ல எனக்கு மாமா இருக்கார், அவர்கிட்ட சாவி இருக்கு"

மாமாவைக் கொடுத்துவிடுங்கள். கேரக்டரின் ஊர், உறவு, கடந்த காலம் எல்லாம் பிளேயர் சொன்னால் உலகத்துக்கு அழகுதான். சாவி மட்டும் வேறு, அது இப்போதைய பிரச்சினைக்கு விடை. அதற்கு விலை வேண்டும். ஃபேட் ஆட்டத்தில் ஒரு ஃபேட் பாயிண்டைக் கொடுத்து இப்படி ஒரு விவரத்தைச் சொல்லலாம். பிளேட்ஸ் இன் தி டார்க்கில் ஃபிளாஷ்பேக் உண்டு, முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாட்டை இப்போது சொல்வது. சாதாரணமானதற்கு விலை இல்லை, கொஞ்சம் சிக்கலானதற்கு 1 ஸ்ட்ரெஸ் (மன அழுத்தப் புள்ளி), பெரிய ஏற்பாட்டுக்கு 2 அல்லது மேலே. டி அண்ட் டி-யின் அடிப்படை ரூல்களில் அப்படி நாணயம் இல்லை என்பதால் கதையிலேயே விலை வையுங்கள்: மாமா இருக்கார், சாவியும் இருக்கலாம், ஆனால் போன தடவை அவரிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லையே?

அறிகுறி: ஒரு பிளேயர் இன்னொரு பிளேயரின் கேரக்டரை விவரிக்கிறார்

"இவன் தூங்கும்போது பையில இருந்த மோதிரத்தை எடுத்துட்டேன்." பகடை வேண்டாம், ரூலும் வேண்டாம், நிறுத்துங்கள். மோதிரக்காரரிடம் "இது உனக்குச் சரியா?" என்று கேளுங்கள். சரி என்றால் எப்படி முடிந்தது என்று அவரே சொல்லட்டும். இல்லை என்றால் அது நடக்கவில்லை. ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைச் சாமர்த்தியத் திறமை) எவ்வளவு இருந்தாலும் இதைத் தீர்க்காது.

அறிகுறி: இதெல்லாம் செய்தும் அதே சண்டை

அப்படியென்றால் ஆட்டத்தை மாற்றிப் பாருங்கள். உங்கள் மேசையில் பாதிப் பேர் முடிவைச் சொல்லவே ஆசைப்படுகிறார்கள் என்றால் அதற்கென்றே கட்டிய ஆட்டங்கள் இருபது வருடமாக இருக்கின்றன. 2002-இல் வந்த இன்ஸ்பெக்டர்ஸில் பகடை நன்றாக விழுந்தால் என்ன நடந்தது என்று பிளேயரே சொல்கிறார், மோசமாக விழுந்தால் ஆட்டத்தை நடத்துபவர். பிரைம்டைம் அட்வென்ச்சர்ஸில் ஜெயித்தவர் யாராக இருந்தாலும் மிக உயர்ந்த சீட்டு வைத்திருப்பவர் சொல்கிறார், சொல்லும் உரிமையையே வெற்றியிலிருந்து பிரித்துவிட்டார்கள். மறுபக்கம், எண்ணும் கட்டமும் துல்லியமாக வேண்டும் என்பவர்கள் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் நிம்மதியாக இருப்பார்கள்.

பல செஷன் ஓடும் நீண்ட கேம்பெய்னை அதற்காகக் கலைக்க வேண்டாம். இடையில் ஒரே ஒரு மாலை, ஒரே செஷனில் முடியும் ஒரு ஒன்-ஷாட், புதுக் கேரக்டர்களோடு ஆடுங்கள். முடிந்ததும் யார் அதிகம் பேசினார், யார் வாயை மூடிக்கொண்டார் என்பதை உங்கள் வழக்கமான செஷனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே வாய் திறந்தவர் அங்கே ஏன் திறக்கவில்லை என்று அவரிடமே கேட்டால், மேலே உள்ள அறிகுறிகளில் எது உங்களுடையது என்று அவர் சொல்லிவிடுவார்.